தூக்கத்திலேயே ‘ஆமாங்க ஐயா’ சொன்ன டிரைவர்: வல்லத்திராக்கோட்டை முதல் ஜெகதாப்பட்டினம் வரை

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வல்லத்திராக்கோட்டையில் சித்தப்பா வழிச் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. கிடாவெட்டும் உண்டு. “அம்புட்டு தூரம் போயிட்டு அப்படியே திரும்புறதா? ஜெகதாப்பட்டினம் போயி கடலப் பாத்துட்டு, கருவாடு வாங்கிட்டு வருவோம்” என்று சித்தப்பா சொல்ல, நானும் தலையாட்டினேன். திருச்சியிலிருந்து கிளம்பி ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில்: முடிக்கலாம். நம்மையும் சேர்த்து முடித்துவிடலாம். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வாடகைக் கார். ஒரு நாளைக்கு 4,500 ரூபாய், முந்நூறு கிலோமீட்டர் வரை. டிரைவர் பேட்டா 500 தனி. காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஐந்தே முக்காலுக்கு எட்டிப் பார்த்தால் வாசலில் கார் நிற்கிறது, டிரைவர் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறார். கண்ணாடியைத் தட்டியதும் பதறி நிமிர்ந்தார். பெயர் செல்வராசு, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். “காபி சாப்டீங்களா தம்பி?” என்று கேட்டு ஒரு டம்ளர் கொடுத்தேன். டிரைவரை நன்றாகக் கவனிக்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

நானும் என் ஏழு வயது மகளும் பின் சீட்டில். இலுப்பூரில் சித்தப்பா ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் முன் சீட்டு என்பது ஒரு பதவி. அதில் உட்காருகிறவர் டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். சித்தப்பாவைவிட அதற்குத் தகுதியான ஆள் மாவட்டத்திலேயே கிடையாது. இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை சுமார் முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து வல்லத்திராக்கோட்டை பதினைந்துக்குள். ரோடு நன்றாக இருக்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

விருந்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செல்வராசுவை முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார்கள். “டிரைவர் தம்பிக்கு இன்னும் ரெண்டு கறி வைங்க, கூச்சப்படாதீங்க தம்பி, ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க” என்று இலையில் மலைபோலக் குவித்தார்கள். பாவம், அவரும் மறுக்க முடியாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா, “செத்த கட்டையச் சாச்சுட்டு வாரேன்” என்று பந்தலுக்கு அடியில் பாயை விரித்தார். ஃபேனுக்கு நேராக இருபது பேர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் செல்வராசு எங்கே? தண்ணீர் கேன் தீர்ந்துபோனது என்று ஆலங்குடிக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்ததும் யாரோ ஒரு பெரியவரை பஸ் ஏற்றிவிட அனுப்பினார்கள். “வண்டி சும்மாத்தானே நிக்குது!” வண்டி சும்மா நின்றது சரி ஐயா, அதை ஓட்டுகிறவரையும் இரும்பிலா செய்திருக்கிறார்கள்? இரண்டாவது சோறு வேண்டுமா என்று பத்துப் பேர் கேட்டார்கள். இங்கிட்டு ஒரு பாய் இருக்கிறது, படுங்கள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இரண்டு மணி வாக்கில் கிளம்பினோம். அறந்தாங்கி தாண்டியதும் ரோடு நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, வெயில், ஏசி குளிர், வயிறு நிறையக் கறிச்சோறு. மகள் பெல்ட்டுக்குள்ளேயே சுருண்டு தூங்கிவிட்டாள். முன் சீட்டில் சித்தப்பா தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தார்.

“இந்த வருசம் கம்மாய் நெறையலேன்னா அம்புட்டுத்தான் தம்பி.”

“ஆமாங்க ஐயா.”

“எம்மவன் துபாய்க்குப் போயி மூணு வருசமாச்சு. கண்ணுல காங்கல.”

“ஆமாங்க ஐயா.”

“ஒங்களுக்கு எந்த ஊரு தம்பி?”

“ஆமாங்க ஐயா.”

நடுக் கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய இரண்டு கண்ணும் மூடியிருந்தன. வாய் மட்டும் விழித்திருந்தது! கார் மெதுவாக வலப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது, எதிரே ஒரு மீன் வண்டி ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறது. “தம்பி!” என்று நான் போட்ட சத்தத்தில் விழித்து இடப்பக்கம் ஒடித்தார். சக்கரம் மண்ணில் இறங்கி, ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு முன்னால் கார் குலுங்கி நின்றது. சுவருக்கும் காருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய முடியாது. மகள் எழுந்து, “கடல் வந்துருச்சாம்மா?” என்று கேட்டாள்.

மீன் வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டி, “தூக்கம் வந்தா ஓரங்கட்டித் தொலைய வேண்டியதுதானடா!” என்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு நான் கேட்டதிலேயே உருப்படியான பேச்சு அதுதான்.

“தூங்கலங்கக்கா, கண்ணு லேசா...” என்று செல்வராசு ஆரம்பித்தார். நான் முறைத்ததும் உடைந்துபோய்ச் சொல்லிவிட்டார். முந்தின நாள் வேளாங்கண்ணிக்கு ஒரு டிரிப். முடித்துத் திரும்பியதும் திருச்சி ஏர்போர்ட்டில் துபாய் ஆள் ஒருத்தரை ஏற்றி மணமேல்குடியில் விட்டிருக்கிறார். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டு வாசல். “விடியக்காலம் இதே ரோட்டுலதாங்கக்கா திரும்புனேன்.” தூக்கம் என்று இரண்டு நாளில் அவருக்குக் கிடைத்தது, எங்கள் வாசலில் ஸ்டியரிங்மேல் சாய்ந்த அந்தக் கொஞ்ச நேரம்தான். அதையும் நான் கண்ணாடியைத் தட்டிக் கெடுத்திருக்கிறேன்.

சித்தப்பா இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார். “ஒண்ணுமில்ல, மொகத்தக் கழுவிட்டு ஒரு ஸ்ட்ராங் டீ குடிச்சாச் சரியாப் போயிரும். பாட்ட சத்தமா வைப்போம்.” எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “டீயும் வேணாம், பாட்டும் வேணாம். ஒங்க பேச்சுக்குத்தான் அவரு தூக்கத்துலயே பதில் சொல்லிட்டு வந்தாரே, அது போதாதா?” என்று நடுரோட்டில் கத்தினேன். நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பாலத்தைத் தாண்டியதுமே ஒரு டீக்கடை. மெதுவாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினோம். கடைக்காரம்மா செல்வராசுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அங்கிட்டு கொட்டாய்ல கட்டில் கெடக்கு, போய்ப் படுங்க” என்றார். செல்வராசு நகரவில்லை. “வண்டில ஜிபிஎஸ் இருக்குங்கக்கா. ரொம்ப நேரம் நின்னா ஓனருக்குத் தெரிஞ்சுரும். முந்தி இருந்த எடத்துல இதுக்குத்தான் வேலைய விட்டு நிறுத்துனாங்க. இவரும் நிறுத்திட்டாருன்னா இந்தப் பக்கம் யாரும் வண்டி குடுக்க மாட்டாங்க.” “போன என்கிட்ட குடுங்க, நீங்க படுங்க” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கட்டிலில் விழுந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. எடுத்ததுமே, “ஏன்டா வண்டி நிக்குது?”

“நான் கஸ்டமர் பேசுறேன்.”

“அய்யய்யோ, மேடமா? சொல்லுங்க மேடம். அந்தப் பய தூங்குறானா? தூங்குனான்னா ஒரு வார்த்த சொல்லுங்க, நாளையிலருந்து வேணாம்னு அனுப்பிர்றேன்.”

நாக்கு நுனியில் நல்ல நல்ல வார்த்தைகளாக வரிசைகட்டி நின்றன. கேட்டிருந்தால் காது புண்ணாகிப் போயிருக்கும். ஆனால் கட்டிலில் கிடப்பவரின் வேலை என் நாக்கில் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, “இல்லைங்க, சாப்பிடுறோம்” என்றேன்.

“ஓ, சாப்பாடா! நிதானமா சாப்டுங்க மேடம், ஒண்ணும் அவசரமில்ல. அவனும் சாப்டானா?”

பாருங்கள் நியாயத்தை! ஒரு மனுஷன் சாப்பிட எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வண்டி நிற்கலாம். அவன் கண்ணை மூட நின்றால் சீட்டுக் கிழிந்துவிடும். அவனைத் தூங்கவிட நான் பொய் சொல்ல வேண்டும். எந்த ஊர் நியாயம் இது?

ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. ஐந்தரை மணிக்கு ஜெகதாப்பட்டினம் போனோம். வரிசையாக விசைப்படகுகள், ஐஸ் உடைக்கும் சத்தம், மீன் வாடை. கடலில் குளிக்க ஏற்ற இடமில்லை, பார்க்கலாம். நெத்திலிக் கருவாடு வாங்கினோம். காற்று வாங்கிக்கொண்டு நிற்கும்போது என் போனுக்கே ஓனர் வந்துவிட்டார். “எத்தன மணிக்கு மேடம் வண்டிய விடுவீங்க? செல்வராசுக்கு ராத்திரி ஏர்போர்ட் டிரிப் இருக்கு.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா கையை ஆட்டி, “நாளைக்குக் காலையில வரைக்கும் வண்டி நமக்கு வேணும்னு சொல்லு. ராத்திரி நம்ம வீட்டுல தங்கிட்டுப் போ” என்றார். பிறகு செல்வராசு பக்கம் திரும்பி, மதியம் கேட்டதையே மறுபடியும் கேட்டார். “ஒங்களுக்கு எந்த ஊரு தம்பி?”

“இலுப்பூர் பக்கந்தாங்க ஐயா.”

வண்டி சித்தப்பா வீட்டு வாசலில் நிற்கும், செல்வராசு தன் வீட்டுக்குப் போய்ப் படுப்பார் என்று முடிவானது. கூடுதலாக ஒரு நாள் வாடகை. நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

இந்தப் பக்கம் கார் எடுத்துப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வண்டி பேசும்போதே, வரப்போகிற டிரைவர் முந்தின ராத்திரி எங்கே இருப்பார் என்று கேளுங்கள். ஓனர் மழுப்பினால் வேறு வண்டி பாருங்கள். வண்டியில் ஏறும்போது ‘சாப்டீங்களா’ என்று கேட்கிற வாயால் ‘தூங்குனீங்களா’ என்றும் கேளுங்கள். விருந்துக்குப் போனால் அவருக்கும் ஒரு பாய் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் கேனுக்கு வேறு ஆள் அனுப்பட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எங்கேயும் போகாதீர்கள். நேரம் போதவில்லையென்றால் ஓர் இடத்தைக் குறையுங்கள், கடல் எங்கேயும் ஓடிவிடாது. டிரைவருக்குக் கண் செருகினால் பேச்சுக் கொடுக்காதீர்கள், வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் நாள் நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதியாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் வண்டியை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றதும் ஓனர் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. “அதுக்கென்ன மேடம், தாராளமா வச்சுக்கங்க. ஏர்போர்ட்டுக்கு வேற பையன அனுப்பிக்கிறேன். அவன் ராமேஸ்வரம் டிரிப் முடிச்சுட்டு இப்பத்தான் வந்துக்கிட்டு இருக்கான்.”