ஃபோர்மேன் தங்கராசுவும் சூடேறாத அறையும்

மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. "அண்ணே, நம்ம பழைய ஃபோர்மேன் தங்கராசு ஊர்ல தவறிட்டாராம்" என்றான் அறையில் கூட இருக்கும் முருகன். "அப்படியா, அந்த மோரை எடு" என்றேன். "அவர்கூட ரொம்ப வருஷம் கெடந்தது நீங்கதான். நம்ம வாட்ஸப் குரூப்புக்கு அஞ்சலியா நாலு வரி எழுதுங்க" என்றான். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இங்கே குவைத்தில், மங்காஃபில் நடக்கும் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போய் இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். மெதுவாகத்தான் வருகிறது. ஆகட்டும், இனி அவர் வந்து அவசரப்படுத்த முடியாது.

அவர் நல்லவர் இல்லை. அவரிடம் வேலை பார்த்த உங்களுக்கும் இது தெரியும். என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏலே கைநாட்டு" என்பார். வெந்நீர்க் குழாய் வால்வுகளின் மேல் அந்தந்த அறையின் பெயர் ஒட்டியிருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது. குழாயைத் தொட்டுத்தான் கண்டுபிடிப்பேன். "என்னலே, நாடி புடிச்சுப் பாக்கியா? ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று சைட்டே சிரிக்கும்படி கேட்பார்.

தொழில் தெரிந்தவர்தான், மறுக்கவில்லை. குவைத் குளிருக்காக வில்லாக்களில் தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் பதிப்போம். ஓர் அறை மட்டும் குளிர்ந்து கிடந்தால் நாங்கள் அந்த அறையின் வால்வைத் திருகப் போவோம். கையைத் தட்டிவிடுவார். "அது முழுசாத் தொறந்துதாம்லே கெடக்கு. குளுருத ரூமத் தொடாத. சுடுத ரூம அடக்கு." பக்கத்து அறைகள் வெந்நீரை முந்திக் குடித்துவிடும், அவற்றைச் சற்று மூடினால்தான் கடைசி அறைக்கு வந்து சேரும்.

சொன்னவரே அதைச் செய்யப் பயந்தார். எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி, அதாவது கஃபீல், அவருடைய சொந்த வீட்டில் அவர் தாயாரின் அறை சூடேறவில்லை. மற்ற அறைகளை அடக்கியாயிற்று. மிச்சம் திவானியா, விருந்தாளிகள் வந்து அமரும் கூடம்.

"அதையும் கொஞ்சம் அடக்குவோம், ஃபோர்மேன்."

"கஃபீல் உக்காருத எடம்லே! வந்தவன் முன்னால தரை குளுந்துதுன்னா என்னய ஊருக்கு வண்டி ஏத்திருவான்."

"அப்போ அந்தம்மா வெறைக்கட்டுமா?"

"பைப்பு பதிச்சது நீதான? ரூம் சூடாகுத வரைக்கும் லீவு மாஃபி, கெடையாது. கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

வால்வுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஊரில் என் மகளுக்குக் கல்யாணப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினேன், பாய்லர் சூட்டை ஏற்றினேன். திவானியாவில் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பேசினார்கள். கடைசி அறையில் அந்த அம்மா காலுறைமேல் காலுறை போட்டுக்கொண்டார்.

என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை அந்தக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். இனி எந்த லீவுக்காகப் பயப்பட வேண்டும்? ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியை நெம்பித் திறந்து திவானியா வால்வை அடக்கினேன். மறுநாள் அந்த அம்மா வெறுங்காலோடு நடந்தார். திவானியாவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலை மட்டும் மூடிக்கொண்டார்கள். தங்கராசு கஃபீல் முன்னால் நெஞ்சில் கைவைத்து, "நான்தான் சரி பண்ணேன்" என்றார்.

அதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காகவும் மன்னிக்கப்போவதில்லை. 'சுடுத ரூம அடக்கு' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அது உண்மை, அதற்கு அவரைவிடத் தைரியம் அதிகம். மற்றபடி, கடைசிவரை அவர் வாயில் வராத என் பெயரை, அவருடைய அஞ்சலியின் கீழே நானே எழுதுகிறேன்.

சுடலைமுத்து.