ஒட்டிப்போன அழைப்பிதழ்கள்

நான் வேலை செய்யும் அச்சகம் வேலணையில் இருக்கிறது. போன வருடம் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு யூவி மெஷின் இறக்கினார். அச்சடித்த தாளில் தடித்த பூச்சொன்றைப் பூசி, பட்டியில் ஏற்றி விளக்கின் கீழே ஓடவிட்டால் உடனே இறுகிவிடும். பூச்சில் மணல் போலவோ நெசவு போலவோ சொரசொரப்பு வைக்கலாம். அதைத் தடவிப் பார்க்கவென்றே ஆட்கள் தேடி வருவார்கள் என்றார் முதலாளி. சில மாதங்களாகத் தடவிப் பார்த்தது நாங்கள் இருவர்தான்.

பிறகு இறுப்பிட்டியிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழ் கையில் பட்டால் மணல்போல இருக்க வேண்டும் என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்லிவிட்டாராம்.

“இஞ்ச எங்க பாத்தாலும் மணல்தான். அவனுக்கு அங்க கிடைக்கேல்லைப் போல,” என்றார்.

பூச்சுப் போட்ட அன்று பாதி வேலையில் கரண்ட் நின்றது. திரும்பி வந்ததும் பட்டி ஓடியது; விளக்கு பற்றவில்லை. சூட்டோடு அணைந்த விளக்கு ஆறினால்தான் மறுபடி எரியும். அதைக் கவனிக்காமல், வந்த தாள்களை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். தூக்கியபோது முழு அடுக்கும் ஒரே கட்டையாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்து நின்றார். முதல் அழைப்பிதழை நயினாதீவு அம்மனிடம் வைக்கக் குறிகட்டுவானில் படகு பிடிக்க வேண்டும்.

“என்ன தம்பி இது?”

“அழைப்பிதழ்தான் அக்கா.”

“எல்லாருக்கும் சேத்து ஒண்டோ?”

முதலாளி கொழும்புக்குப் போன் எடுக்க வெளியே போனார். அக்கா கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, மேல்தாளின் மூலையைப் பிடித்து ஒரே இழுவையில் உரித்தார்.

“கழட்ட ஏலாதெண்டு ஆர் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை.

அதன் அடியில் தெரிந்த தாளில் மணல் இல்லை. ஈரப் பூச்சு இழுபட்டு, கிளை கிளையாக மேடுகட்டி நின்றது. இதற்குள் விளக்கு பற்றியிருந்தது. தாளை அதன் கீழே விட்டேன்; அப்படியே இறுகி வந்தது. அக்கா கண்ணை மூடித் தடவினார்.

“கரையில ஒதுங்கிற சாதாழைப் பாசி மாதிரி இருக்கு.”

“ஓம் அக்கா.”

கனடாத் தம்பிக்கு வீடியோவில் காட்டினார். “அக்கா, இப்பிடி ஒண்டு இங்கயே நான் காணேல்லை. என்னெண்டு செய்தவை?” என்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“இஞ்ச புதுசா வந்திருக்கு,” என்றார் அக்கா.

அந்தப் படகை அக்கா விட்டுவிட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தார். பின்பக்கத்தில் ஒட்டியதைத் துடைத்துத் துடைத்து நான் விளக்குக்கு விட்டேன். பின்னேரப் படகில் அம்மனிடம் போனார்.

கலியாணம் முடிந்ததும் அதே மாதிரி வேண்டும் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இப்போது தெரிந்தே ஒட்டவைத்து உரிக்கிறோம். ஆனால் நான் உரித்தபோது கிளைகள் தடிப்பாகத்தான் விழுந்தன; அக்கா உரித்ததுபோல மெல்லிசாக வரவில்லை. கடைத்தெருவில் அக்காவைக் கண்டபோது அது ஏன் என்று கேட்டேன்.

“மெல்ல இழுத்தால் வராது தம்பி. கோவத்தோட இழுக்க வேணும்.”

முயன்று பார்த்தேன். எனக்கு அந்தளவு கோபம் வரவில்லை.