பெருக்கிப் பார்க்காத இருபத்தெட்டு

நான் கணிதம் படிப்பிக்கிறவள். வீடு வேலணையில், பாடசாலை நெடுந்தீவில். விடிய ஒரு பஸ், பிறகு குறிகாட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலப் படகு, பின்னேரம் அதே வழியால் திரும்பி வருவேன். பெருக்கல் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்.

என்னிடம் ஒரு பழைய கமரா உண்டு. உள்ளே படத்தைப் பிடிக்கிற சென்சர் சிறியது. அதோடு வந்த லென்ஸை ஒரு நாள் சாட்டிக் கடற்கரை மணலில் போட்டுவிட்டேன். அதன் பிறகு வளையத்தைத் திருப்பினால் கறகறவென்று அரைபடும், பாதி வழியில் இறுகி நிற்கும். வேறு லென்ஸ் ஆறுதலாக வாங்கலாம் என்று இருந்தேன். அந்த ஆறுதல் ஒரு வியாழக்கிழமை பின்னேரத்தோடு போயிற்று.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற அக்கா ஒருவர். ஆறு வருஷமாகப் படகில் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பார். அவருக்குக் கடல் என்றால் சரியான பயம். படகு இறங்குதுறையை விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு என் இடது கையைப் பிடிப்பார். மற்றப் பக்கம் போய்க் கயிறு கட்டிய பிறகுதான் விடுவார். போகும்போதும் அப்படித்தான், வரும்போதும் அப்படித்தான். அவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்துவிட்டது. திங்கட்கிழமை கடைசி நாள்.

வியாழக்கிழமை கரையில் இறங்கியதும் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்கு ஒரு படம் எடுத்துத் தாரும். இறங்குதுறையிலை வரிசையா நிண்டு இல்லை. படகுக்குள்ளை, அது ஓடேக்கை."

"உங்களாலைதான் கண் திறக்க ஏலாதே அக்கா?"

"அதுக்குத்தான் கேக்கிறன். ஆறு வருஷம் வந்து போனனான், ஒரு நாளும் பாக்கேல்லை. அம்மா எப்பிடிப் பள்ளிக்கூடம் போனவா எண்டு என்ரை பிள்ளையள் கேட்டா நான் என்னத்தைக் காட்டுறது? எல்லாரும் இருக்க வேணும். நானும் இருக்க வேணும்."

"ஓம் அக்கா, கட்டாயம் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். லென்ஸ் இல்லாதவள் கொடுத்த வாக்கு.

சனிக்கிழமை காலை யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்னக் கமராக் கடை வாசலில் நின்றேன். புது லென்ஸ்களின் விலையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. கடைக்கார அண்ணை எனக்குக் கட்டுப்படியாகும் என்று பாவித்த லென்ஸ்கள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பதினேழிலிருந்து ஐம்பது மில்லிமீற்றர். கட்டை, கனம், வெளிப்பூச்சு உரிந்தது. மற்றது இருபத்தெட்டிலிருந்து இருநூறு. திருப்பத் திருப்ப நீண்டுகொண்டே போனது. பார்க்கவே ஆசையாக இருந்தது.

"ரீச்சர், உங்கடை கமராவுக்குக் கட்டைதான் தோது. வெளிச்சம் போற வாசல் பெரிசு, இருட்டிலையும் எடுக்கலாம். மற்றது பெரிய சென்சருக்கு எண்டு செய்தது. உங்கடையிலை போட்டா நம்பரை ஒண்டரையாலை பெருக்க வேணும்."

பெருக்க வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம். நம்பர் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்ட வரும். இருநூறு தர ஒன்றரை, முந்நூறு! முந்நூறு! எனக்குத் தலைகால் தெரியவில்லை.

எங்களைப் போன்ற தீவாருக்கு இது ஒரு வியாதி. எங்களுக்கு வேண்டியதெல்லாம் தூரத்தில்தான் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி தூரம், அரசாங்கக் கந்தோர் தூரம், படகு வருகிறதா என்று பார்க்கிற கண்ணும் எப்போதும் தூரத்தில். தூரத்தை இழுத்துப் பக்கத்தில் வைக்கிற சாமான் கிடைத்தால் வேறெதையும் யோசிக்கமாட்டோம். நானும் யோசிக்கவில்லை.

"கொண்டுபோய்ப் பாருங்கோ. சரிவராட்டி அஞ்சு மணிக்கு முன்னம் கொண்டாங்கோ, மாத்தித் தாறன். அஞ்சுக்குப் பூட்டிப்போடுவன். நாளைக்குக் கடை இல்லை" என்றார்.

சரிவராமல் போவதாவது! நேரே குறிகாட்டுவானுக்குப் பஸ் ஏறினேன். இறங்குதுறையில் நின்று வளையத்தைத் திருப்பினால், அக்கரையில் இருந்த நயினாதீவுக் கோபுரம் எழும்பி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரின் சட்டைக் கொலரில் கிழிசல் தெரிந்தது. கடற்காகம் ஒன்று என்னை முறைத்தது. தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் கடலை விற்றவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

நயினாதீவுப் படகு வெளிக்கிடத் தயாராக நின்றது. திங்கட்கிழமைக்கு ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று அந்தச் சந்தோஷத்தோடு பாய்ந்து ஏறினேன். கீழ்த்தட்டில் முழங்காலோடு முழங்கால் முட்ட ஆட்கள். எனக்கு எதிரே தாமரை மொட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. அனுமதி கேட்டுக் கமராவைத் தூக்கினேன்.

அவர் முழுதாகக் கொள்ளவில்லை. முகமும் தோளும், அவ்வளவுதான்; மடியில் இருந்த மொட்டுகள்கூட இல்லை. பின்னுக்குச் சாய்ந்தேன், முதுகில் பலகை. இன்னும் சாய்ந்தேன், பலகை அசையவில்லை. வளையத்தை இருபத்தெட்டுக்குத் திருப்பப் பார்த்தேன். அது ஏற்கெனவே இருபத்தெட்டில்தான் நின்றது.

"பிள்ளை, என்ரை மூக்கையோ எடுக்கிறீர்?" என்றார் அந்த அம்மா. நான் பின்னுக்கு வளைந்து கிடந்த கோலத்தைப் பார்த்துச் சுற்றிவர இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எடுத்த மூக்கும் தெளிவில்லை. கீழ்த்தட்டு இருட்டுக்கு அந்த லென்ஸின் வாசல் போதாது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இருநூறைப் பெருக்கினேன், இருபத்தெட்டைப் பெருக்கவில்லை. நம்பர் கூடினால் படத்துக்குள் கொள்வது குறையும். இருபத்தெட்டு தர ஒன்றரை நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டில் எங்கள் படகுக்குள் ஓர் ஆள்கூட முழுதாக வராது. பதினேழைப் பெருக்கினால் இருபத்தைந்தரை. அதில் எல்லோரும் வருவார்கள். இந்தப் பிழையை ஒரு பிள்ளை கொப்பியில் விட்டிருந்தால் சிவப்புப் பேனையால் கிழித்திருப்பேன்.

நயினாதீவில் இறங்கினேன், கோபுரத்தைப் பார்த்து நின்ற இடத்திலேயே கும்பிட்டேன், அடுத்த படகில் ஏறினேன். பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. மண்கும்பானில் ஒருவர் ஐந்து தேங்காய்ச் சாக்கு ஏற்றினார். அவரை இறக்கிவிட்டுப் போகலாமா என்றுகூட யோசித்தேன். நகரத்தில் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். படிப்பித்த பிள்ளைகள் யாராவது பார்த்திருந்தால் என் மரியாதை அன்றோடு சரி.

கடையின் ஒரு கதவு பூட்டியாயிற்று. மற்றக் கதவில் அண்ணை கை வைத்திருந்தார்.

"அண்ணை, கட்டை! கட்டையைத் தாங்கோ!"

"பெருக்கிப் பாத்தியளோ ரீச்சர்?" என்றார். மூச்சு வாங்கியபடியே நீட்டு லென்ஸை அவர் கையில் திணித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குசினியில் கதிரைகளைப் படகு இருக்கைபோல் முட்ட முட்டப் போட்டுப் பழகினேன். இடது கையால் வளையத்தைத் திருப்பு, வலது கையால் பொத்தானை அமத்து. பதினேழில் கதிரை, அலுமாரி, அடுப்பு, தேங்காய் துருவிய அம்மா, அம்மாவின் முறைப்பு எல்லாம் ஒரே படத்துக்குள் வந்தன. ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கியும் எடுத்தேன். கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை! உரிந்த பூச்சோடு கிடந்த அந்தக் கட்டையைக் கொஞ்ச வேண்டும் போல் இருந்தது.

திங்கட்கிழமை காலை அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. எதிரே இருந்தேன். எங்கள் ஆசிரியர் கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கி இருந்தது. படகு வெளிக்கிட்டது. அக்கா கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு அவருடைய கை எனக்கு முன்னால் வந்து காற்றில் தடவியது.

ஒரு நாள் முழுக்கப் பழகியவளுக்கு, படகில் என் இடது கை எனக்குச் சொந்தமில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கொடுத்தேன். வேறென்ன செய்வது? பிடித்துக்கொண்டார். வளையத்தைத் திருப்ப இனிக் கை இல்லை. நல்ல காலம், அது பதினேழிலேயே நின்றது. அலை அடித்துப் படகு எழும்பி விழுந்தது. எல்லோரும் "ஆ!" என்று கத்திச் சிரித்தார்கள். ஒற்றைக் கையால் கமராவைக் கண்ணோடு அமர்த்தி, அமத்தினேன், அமத்தினேன், கை உளையும்வரை அமத்தினேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் அக்கா கமராவை வாங்கிப் பார்த்தார். ஒரு படத்தில் எல்லாம் சரியாக விழுந்திருந்தது. பெட்டிகளை மடியில் வைத்துச் சிரிக்கிற பன்னிரண்டு பேர், ஜன்னலை மூடி எழும்பிய பச்சைத் தண்ணீர், நடுவில் கண்ணை இறுக மூடிய அக்கா.

"கடல் இவ்வளவு கிட்டவோ?" என்றார். பிறகு விரலை வைத்துப் படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினார். அங்கே என் இடது கை இருந்தது. அவர் பிடித்த பிடியில் விரல் நுனிகள் வெளிறிப்போயிருந்தன.

"இப்பிடியோ நான் பிடிக்கிறனான்?"

"ஓம் அக்கா."

"ஆறு வருஷமும்?"

"ஓம்."

"நோகேல்லையோ?"

"நோகும் அக்கா."

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

பின்னேரம் திரும்பும் படகில் வழக்கம்போல் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் கையை நீட்டினார். கமராவைப் பையில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு கைகளையும் கொடுத்தேன்.