பூஜையில் வைத்த வீடியோ கேம்

எனக்கு நாற்பத்திரண்டு வயது. அலிப்பூரில் அரசாங்க உத்தியோகம். கைக்குள் அடங்கும் வீடியோ கேம் ஒன்று பதினோரு வருடமாக என் பையில் இருக்கிறது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் எடுத்துவிடுவேன். செல்போனில் கண்டதையும் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் என்னை அதிசயமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கட்டைகளை அடுக்கும் ஆட்டம், கார்ப் பந்தயம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எனக்குப் பண்ணை ஆட்டம்தான் உயிர். உழுது, விதைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வளர்த்த பண்ணை. அதில் ஒரு பண்ணைக்குத்தான் இடம். வேறு யாராவது புதிதாக ஆரம்பித்தால் என்னுடையது அழிந்துபோகும்.

போன நவராத்திரிக்கு அண்ணா சென்னையிலிருந்து மனைவி, மகளோடு எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்தான். மகளுக்கு ஒன்பது வயது. கேமைப் பார்த்தாள், கேட்டாள்.

"குழந்தைக்குக் குடுத்துடேன். இந்த வயசுல இதை வெச்சிண்டு என்ன பண்ணப்போற?" என்றான் அண்ணா.

"விளையாடப்போறேன்."

அம்மா அவன் கட்சி. "ஊருக்குப் போறச்சே எடுத்துண்டு போகட்டும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு அவரவர் கருவியையும் வைத்தோம். அண்ணா லேப்டாப்பை வைத்தான். நான் அதன் பக்கத்தில் கேமை வைத்துச் சந்தனம் இட்டேன்.

"இது என்ன தொழிலா, வித்தையா?" என்றான்.

"ஒரு வருஷம் பயிர் வெச்சுப் பாரு, தெரியும்."

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. "சாயங்காலத்துக்குள்ள இவ எடுக்கலேன்னா என் பேரை மாத்திக்கறேன்" என்று அண்ணா என்னைக் காட்டிச் சிரித்தான்.

சாயங்காலம் எடுத்தது அவன்தான். ஆபீஸிலிருந்து போன் வந்ததும் லேப்டாப்பைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். ஆபீஸ் வேலைக்குத் தோஷமில்லையாம். அம்மா வாயே திறக்கவில்லை. கட்டுப்பாடெல்லாம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

விஜயதசமி காலை. கீழே தெருவில் வங்காளிகளின் துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் காதைப் பிளந்தது. புனர்பூஜை முடிந்ததும் வைத்ததை எடுத்துச் சாமி முன்னால் கொஞ்சமாவது படிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா ஸ்லோகப் புத்தகத்தைப் பிரித்தாள். குழந்தை தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டினாள். நான் சப்பணமிட்டு உட்கார்ந்து கேமைப் போட்டேன். முள்ளங்கி பிடுங்கினேன், மாட்டைக் குளிப்பாட்டினேன். சத்தத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

"சாமி முன்னாடியா?" என்று அம்மா பதறினாள்.

"நேத்து தொடாம இருந்தவ நான்தாம்மா."

குழந்தை என் தோளில் சாய்ந்தாள். "அத்தை, இதை நான் ஊருக்கு எடுத்துண்டு போகலாமா?"

அண்ணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"கூடாது. இது என்னோடது. உனக்குப் புதுசு வாங்கித் தரேன். உன் பண்ணையை நீ உழு."