அத்தானின் தங்கப் பல்லும் என் ஈய ஞானமும்

சென்ற மாதம் விருதுநகரில் ஒரு துவரம்பருப்பு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. பக்கத்தில் நின்ற மண்டிக்காரர் என் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார்.

பருப்பு மூட்டை சுட்டால் என்ன அர்த்தம்? உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். அந்த மூட்டையை நன்றாகக் காய்ந்த சரக்கு என்று சொல்லி வாங்க வைத்தவர் அத்தான். அவரை அப்படிச் சொல்ல வைத்தவன்... சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது... நான்.

அத்தான், அதாவது என் அக்காள் கணவர், விருதுநகர் பஜாரில் பருப்புத் தரகர். அங்கே கிலோவா வீசையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் ஈரத்தை அளப்பதில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. மூட்டையில் குத்தூசியைச் செருகி நாலு பருப்பை எடுப்பார்கள். கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். அவ்வளவுதான் விஞ்ஞானம்!

அதில் அத்தானின் வலது கடைவாய்க்குத் தனி மரியாதை உண்டு. மல்லாங்கிணற்றிலிருந்து விளைந்த சரக்கைக் கொண்டுவரும் விவசாயச் சம்சாரியும் சரி, அதை வாங்கும் மண்டிக்காரரும் சரி, அவர் கடித்துச் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

அந்தக் கடைவாயில்தான் ஒரு பல் உடைந்தது. பருப்பில் கிடந்த கல் பதம் பார்த்துவிட்டது. என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனார்.

டாக்டர் ஒரு பெண்மணி. பாளையங்கோட்டைப் பக்கத்து உபாத்தியாயர் வீட்டுப் பெண், மெட்ராஸில் படித்தவர். உடைந்த பல்லை இழைத்து அதன்மேல் தங்கத்தில் உறை போட வேண்டும், அதற்கு இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, பல்லின் வடிவத்தை உலோகத்தில் எடுத்து, அதன்மேல் மெல்லிய தங்கத் தகட்டைத் தட்டித் தட்டிப் படிய வைப்பது. இங்கேயே இரண்டு நாளில் முடிந்துவிடும். இன்னொன்று, மெழுகில் உறை செய்து, அதைச் சூடு தாங்கும் ஒரு மாவில் புதைத்துச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய குழிவுக்குள் தங்கத்தை வார்ப்பது. அதை மதுரைக்கு அனுப்பித்தான் செய்யவேண்டும். பதினைந்து நாள் ஆகும். வார்த்த உறைதான் கச்சிதமாகப் பொருந்தும் என்று அழுத்திச் சொன்னார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

சிவகாசியில் லேபிள் அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவன் நான் என்பது இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிற உங்களுக்குத் தெரியும். அச்செழுத்து வார்க்க ஈயம் உருகுவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு உலோகம் தெரியாதா? சூடாக ஊற்றுகிற எதுவும் ஆறினால் சுருங்கும். சுருங்கிய உறை பல்லில் எப்படி ஏறும்? தட்டிச் செய்தால் அப்படியே படியுமே... என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தேன்.

அத்தானுக்குப் பெருமை. "பத்திரிகையில எழுதுறவன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். தகடே அடிங்க" என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

உறை பளபளவென்று வந்தது. அத்தான் கடித்த பருப்பெல்லாம் 'டக்'. மழையில் நனைந்து வந்த லோடு கூட 'டக்'. இந்த வருஷம் எல்லோரும் நன்றாகக் காயவைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று அவரே சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகுதான் அந்த மூட்டை சுட்டது.

மண்டிக்காரர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. இன்னொரு மூட்டை இப்படிச் சுட்டுச்சுன்னா, புதுத் துவரைக்கு நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

புதுத் துவரை இறங்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. பஜாரில் தரகரின் வாய்ச்சொல் ஒரு முறை போனால் போனதுதான். அத்தான் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் இருவரும் பல் டாக்டரிடம் ஓடினோம். அவர் ஒரு நீலத் தாளை அத்தானின் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னார். மற்ற பற்களில் சாயம் ஒட்டவே இல்லை. தங்க உறையில் மட்டும் பட்டையாக ஒட்டியிருந்தது. அச்சில் ஒரே ஒரு எழுத்து உயர்ந்து நின்றால் அது மட்டும் தாளைக் குத்தும் அல்லவா, அந்தக் கதைதான். பருப்பு மற்ற பற்களைத் தொடும் முன்பே, அது ஈரமாக இருந்தாலும், இந்த மேடு அதை 'டக்'கென்று உடைத்துவிடுகிறது. பிறகு ஊசி போன்ற ஒரு கருவியை உறையின் ஓரத்தில் நுழைத்தார். இடுக்கிலிருந்து பருப்பு மாவு வந்தது. தட்டிய தகடு ஈறோரத்தில் ஒட்டாமல் வாய் பிளந்து நின்றிருக்கிறது.

"அப்ப வார்த்தா சுருங்காதா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன்.

"சுருங்கும் சார். எம்புட்டு சுருங்கும்னு தெரியும். அதனால அந்த மாவு அச்சையே சூட்டுல அம்புட்டும் முன்கூட்டியே விரிய வச்சிருவோம்" என்றார்.

அச்சகத்துக்கு வந்து எழுத்து வார்ப்பவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஈயம் சுருங்கி மோசம் செய்யக்கூடாது என்றுதானே அதோடு ஆண்டிமனி என்ற உலோகத்தைக் கலக்கிறோம், இத்தனை வருஷமாக இங்கே இருந்து இதுகூடத் தெரியாதா என்றார். தெரியாது. தெரியாததைப் பற்றித்தானே நான் நன்றாகப் பேசுகிறேன்!

மதுரையிலிருந்து வார்ப்பு வரும்வரை என்ன செய்வது? அத்தான் பஜாரில் சும்மா கடிப்பதுபோல் கடித்துவிட்டு, சாயங்காலம் சொல்கிறேன் என்பார். மாதிரியை வேட்டி மடிப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டுவார். அக்கா அடுப்படியில் நின்றபடியே கடிப்பாள். "இதுக்கு ரெண்டு வெயில் வேணும்" என்பாள். "இதை எடுக்கலாம்" என்பாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பஜாரில் என்ன பேச்சு தெரியுமா? தரகர் இப்போதெல்லாம் ரொம்ப நிதானமாகிவிட்டார் என்று.

புது உறை வந்தது. நீலத் தாளைக் கடித்தபோது எல்லாப் பற்களிலும் ஒரேமாதிரி பொட்டு விழுந்தது. ஓரத்தில் ஊசி நுழைய இடமில்லை. புதுத் துவரை இறங்கிய அன்று அத்தான் கடித்தார், நசுங்கியது. ஈரம். ஆனாலும் வாயைத் திறக்காமல் மாதிரியை மடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். அக்கா கடித்தாள். அவளும் ஈரம் என்றாள். அதன்பிறகுதான் மண்டிக்காரரிடம் போய்ச் சொன்னார்.

மண்டிக்காரர் கையை விட்டுப் பார்த்து, "அண்ணாச்சி வாய் அண்ணாச்சி வாய்தான்" என்றாராம். புதுத் துவரை முழுக்க அத்தான் கைக்கே வந்தது.

இப்போதும் மாதிரி வீட்டுக்கு வருகிறது. பல்தான் பொருந்திவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

"பல்லு நல்லாத்தான் கடிக்குது மாப்ளே. ஆனா ஒரு தடவை என்னையவே ஏமாத்துன வாயில்லையா. ஒங்கக்கா சொன்னாத்தான் தூக்கம் வருது."

அந்த வாயைக் கெடுத்தவன் நான் அல்லவா?

பஜாருக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் கண்டது அத்தான் சிரிக்கும்போது மின்னுகிற தங்கத்தை மட்டும்தான். போன வாரம் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: இரண்டு தரகர்கள் வந்து, நன்றாக இருக்கிற கடைவாய்ப் பல்லை இழைத்து அதேபோல் தங்க உறை போடச் சொல்லி அடம் பிடிக்கிறார்களாம்.

என் அக்காவுக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல்.