கடைசி வண்டிக்குப் பின்னால்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், கறம்பக்குடிக்குப் பக்கத்தில். ஒன்பதே முக்கால் மணிக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு ஊர்வலம், அவ்வளவுதான். யாருக்கும் அடி இல்லை, வண்டியில் ஒரு கீறல் கூட இல்லை. ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன். இருபது வருடமாகக் 'கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு' என்று கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்களை பைக்கில் எதிர்கொண்டு ஊருக்கு அழைத்து வர எங்கள் பக்கத்தில் ஒரு குழு இருக்கிறது. பால்காரர், மெக்கானிக், கல்லூரியில் படிக்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் என்று ஐம்பது, அறுபது வண்டி சேரும். பெட்ரோல் அவரவர் செலவு. வரிசையை ஒழுங்கு செய்வது என் பொறுப்பு. ஹெல்மெட் இல்லாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஒரு வண்டியில் மூன்று பேர் ஏறினால் கெட்ட கோபம் வரும். எனக்குப் பின்னால் 'மிலிட்டரியே தேவலாம்' என்று சொல்வார்களாம். சொல்லிக்கொள்ளட்டும்.

ஊர்வலத்தில் கடைசி வண்டி எப்போதும் என்னுடையதுதான். யாராவது பஞ்சராகி நின்றால் பார்க்க வேண்டும், பின்னால் வரும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் வழி விட வேண்டும், சம்பந்தமில்லாத வண்டி வரிசைக்குள் புகுந்துவிடாமல் தடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அன்றைக்கு வந்தவர் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வருகிறவர். புதுக்கோட்டை வரை ரயில், அங்கிருந்து கார், கறம்பக்குடி எல்லையில் இருக்கும் பெட்ரோல் பங்கில் ஓப்பன் ஜீப்பில் ஏற்றி, அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஊர்வலம் என்று ஏற்பாடு. முதல் நாள் அவருடைய பெரியப்பா என் ஆபீசுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பையன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிட வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"நேர் ரோட்டுல போக வேணாம் தம்பி. கண்மாய்க்கரை வழியா கூட்டிட்டு வந்துருங்க. நல்ல காரியம் பாருங்க. அந்தப் புள்ள வாசல்ல நிக்கும். எதுக்கால வந்துட்டா நல்லா இருக்காது."

யாரைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். நேர் ரோட்டில் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவரும் இப்போது வருகிறவரும் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள், இணைபிரியாத சிநேகிதர்கள். அதற்கு மூன்று வருடத்துக்கு முன் வடக்கே மலைப்பாதையில் வண்டி உருண்டு அவர் இறந்துபோனார். அவர் உடல் வந்த பெட்டியையும் இதே கறம்பக்குடி எல்லையிலிருந்து நாங்கள்தான் ஹெட்லைட் போட்டுக்கொண்டு அழைத்துப் போனோம். அன்றைக்கும் நான்தான் கடைசி. கூட்டத்துக்குள் போக மனமில்லாமல் அவர் வீட்டு வேலியோரம் நின்றிருந்தோம். அவருடைய மனைவி வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, "வண்டிக்காரவங்கெல்லாம் வெயில்ல நிக்கிறாங்க, தண்ணி குடுங்க" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்த நேரத்தில் இது ஒரு மனுஷிக்குத் தோன்றுமா என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவரை 'எதுக்கால வரக்கூடாது' என்று ஒருவர் சொல்லும்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்யவில்லை. இறந்தவர் வீட்டு வாசலில் ட்ரம் அடித்துக்கொண்டு போவது மரியாதையாக இருக்காது, இதுவும் ஒரு வகையில் நல்லதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. வருகிறவர் ஏன் சுற்றுவழி என்று கேட்டால் ரோடு வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மாலைகள், ஃபிளெக்ஸ், ட்ரம் செட், தேசியக்கொடி. அவர் ஜீப்பில் ஏறி நின்றார். கூச்சப்படுகிற மனிதர், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய செல்போனை அண்ணன் மகன் ஒருவன் வாங்கி முன்னால் போன காரில் பத்திரமாக வைத்துவிட்டான்.

மூன்றாவது கிலோமீட்டரில் பிரிவு. நான் முன்னால் போய் வழி காட்டினேன். ஜீப் இடது பக்கம் திரும்பியதும் அவர் குனிந்து என்னைக் கேட்டார்.

"சார், நேராத்தானே போகணும்?"

"அங்கிட்டு ரோடு வேலைங்க. ஜல்லி கொட்டிக் கெடக்கு. ஜீப்பு போகாது."

"தங்கச்சி வீட்டுக்கு வாரேன்னு சொல்லியிருந்தேனே" என்றார். சிநேகிதரின் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார்.

"அதெல்லாம் அப்பறமா போயிக்கலாம்ப்பா" என்று ஜீப்பில் அவர் பக்கத்தில் நின்ற பெரியப்பா முடித்துவிட்டார். வந்தவர் நிமிர்ந்து மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழி சொல்கிறவன் சொன்னால் நம்பிப் பழகியவர்.

எல்லா வண்டியும் திரும்பும் வரை நின்றிருந்து நானும் கடைசிக்கு வந்தேன். கண்மாய்க்கரையில் ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டி தெரிந்தது. நேர் ரோட்டிலிருந்து வரும் குறுக்குப் பாதையில் ஏறி வந்திருக்கிறது. சேலை கட்டிய பெண், ஹெல்மெட் போட்டிருந்தார். முன்னால் கொக்கியில் ஒரு மஞ்சப்பை, அதிலிருந்து மாலை எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிறார் போல என்று நினைத்தேன். முந்திப் போவார் என்று கையைக் காட்டினேன். போகவில்லை. எனக்குச் சரியாகப் பத்தடி பின்னால் அதே வேகத்தில் வந்துகொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாகிவிட்டது. வேகத்தைக் குறைத்து அவர் பக்கத்தில் போனேன்.

"ஏம்மா, இது ஊர்வலம்மா. மிலிட்டரிக்காரரக் கூட்டிட்டுப் போறோம். நீங்க இதுல வரக்கூடாது. ஒதுங்கி நின்னு, நாங்க போனப்பெறகு வாங்க."

அவர் என்னவோ சொன்னார். ட்ரம் சத்தத்தில் கேட்கவில்லை. நான் கேட்க முயற்சி செய்யவும் இல்லை. கையை மட்டும் ஓரமாக நீட்டினேன், டெஸ்டில் தப்பு செய்தவனை ஓரங்கட்டுகிற மாதிரி. அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

இருபது முப்பது அடி தள்ளிப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த முகம்தான். தண்ணீர் கொடுக்கச் சொன்ன முகம்.

இந்த இடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் திரும்பியிருக்கலாம். யூ டர்ன் போட அங்கே தாராளமாக இடம் இருந்தது. ஆனால் மணி பத்து ஆகிவிட்டது, முன்னால் வரிசை போய்க்கொண்டிருந்தது, திரும்பிப் போனால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. கண்ணாடியில் அவர் சின்னதாகி, வளைவில் மறைந்தார். நான் போய்க்கொண்டே இருந்தேன்.

பத்து இருபதுக்கு ஊருக்குள் நுழைந்தோம். வீட்டு வாசலில் அவருடைய மனைவி ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் வந்தவர் முதலில் கேட்டது செல்போனை. எடுத்துப் பார்த்தார், யாருக்கோ பேசினார். முகம் மாறிவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி பின்னாடியே வந்திருக்கு. ஊர்வலத்துல வரக்கூடாதுன்னு யாரோ நிறுத்தியிருக்காங்க. யாருப்பா அது?"

ட்ரம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் தெரியாது. நான்தான் கடைசி வண்டி, என்னைப் பார்த்தவர் யாருமில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அது அப்படியே போயிருக்கும். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன். "யாருன்னு தெரியாம சொல்லிட்டேன். தெரிஞ்சப்பெறகும் திரும்பிப் போகல. ரோடு வேலைன்னு சொன்னதும் பொய்தான்."

இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெட்கமாக இருந்தது. அடித்தால் கூட வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அவர் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"வண்டிய எடுங்க சார்" என்றார்.

"ஏப்பா, பத்து நிமிஷத்துல ராகுகாலம் வந்துரும்" என்று பெரியப்பா பதறினார். "ஆரத்தித் தட்டோட நிக்கிதுல்ல. உள்ள வந்துட்டுப் போ."

"பெரியப்பா, நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல போனவங்க. ஒரே நாள்ல ரிட்டயர்டு ஆகியிருக்கணும். இன்னிக்கு அவனும் என்னோட சேந்து வீட்டுக்கு வரவேண்டிய நாளு. அந்தப் புள்ள அத எண்ணிக்கிட்டுல்ல இருந்திருக்கும்."

அவருடைய மனைவி தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, "நீங்க போயி பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். வந்தவர் மாலைகளைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் ஏறிக்கொண்டார்.

நான் நிறுத்தச் சொன்ன அதே இடத்தில்தான் அந்த அம்மா இருந்தார். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றார். எங்களைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எதுக்குண்ணே வந்தீங்க, நேரமாகுதுல்ல" என்றார். வந்தவர் கண்மாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போவம் வா" என்று மட்டும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த அம்மா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

குறுக்குப் பாதையில் போய் நேர் ரோட்டில் ஏறினோம். தார் போட்டு வழுவழு என்று கிடந்தது. "ரோடு நல்லாத்தானே சார் இருக்கு" என்றார் பின்னாலிருந்து. அன்றைக்கு அவர் என்னைத் திட்டியது அது ஒன்றுதான்.

வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தது. கூடத்தில் யூனிஃபார்மோடு அவருடைய படம், கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சப்பையில் இரண்டு மாலைகள் இருந்தன. ஒன்றை அந்த அம்மா எடுத்து அவர் கையில் கொடுத்து, "இது ஒங்களுக்கு" என்றார். தன் கையால் போடவில்லை. இன்னொன்றையும் கொடுத்து, "இது அவருக்கு. நீங்களே போட்டு விடுங்கண்ணே" என்றார்.

அவர் படத்துக்கு மாலை போட்டார். ஓரத்தைச் சரி செய்தார். பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்வது போலச் சொன்னார்.

"வந்துட்டோம்டா மாப்ள."

அந்த அம்மா உட்கார்ந்து சத்தமாக அழுதார். பெட்டி வந்த அன்றைக்கு அவர் அழுது நான் பார்க்கவில்லை. நான் வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு என் முன்னால் நீண்டது. "வெயில்ல நிக்கிறீங்களே, தண்ணி குடிங்க சார்" என்றார் அந்த அம்மா. என்னை அடையாளம் தெரிந்துதான் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. வாங்கிக் குடித்தேன். மன்னிச்சுருங்க என்று அப்போதுதான் சொல்ல முடிந்தது. "அவரு போனப்பெறகுதான் வண்டியே கத்துக்கிட்டேன், ரொம்ப மெதுவாத்தான் ஓட்டுவேன். ஒங்க வரிசை எனக்குத் தோதா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் பதில்.

பத்தரை தாண்டிவிட்டது. ராகுகாலம் முடியட்டும் என்று சொன்னதும் அந்த அம்மாதான். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குழுவுக்குப் போன் பண்ணி, எல்லோரும் நேர் ரோட்டுக்கு வந்துவிடுங்கள், பன்னிரண்டுக்கு மறுபடி கிளம்புகிறோம் என்றேன். 'சாருக்கு என்னாச்சு' என்று கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். ட்ரம் செட்காரர்களை அடிக்காமல் சும்மா வரச் சொன்னேன். ஜீப்பை ஒட்டி முன்னால் வரும்படி அந்த அம்மாவிடம் சொன்னேன். "வேணாம், நான் கடைசியாவே வாரேன்" என்றார். எனக்குப் பின்னால் அந்த ஸ்கூட்டி மட்டும் வந்தது. வழி முழுக்க நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

வீட்டு வாசலில் காத்திருந்த அவருடைய மனைவி, அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக் கணவர் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேருக்கும் சேர்த்தே ஆரத்தி எடுத்தார். பெரியப்பா சமையல் ஆகிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகும் பல பேரை அழைத்து வந்துவிட்டோம், கடைசி வண்டியும் நான்தான். ஆனால் கண்ணாடியில் ஒரு வண்டி தெரிந்தால் இப்போதெல்லாம் நான் கையை நீட்டுவதில்லை. நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன், அன்று ட்ரம் சத்தத்தில் அந்த அம்மா என்னிடம் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது என்பதால்.