குருத்து ஞாயிறன்று வந்த மாமி

என் கணவரை நான்தான் சாவுக்கு அனுப்பினேன் என்று ஏழு மாதங்களாக நம்பியிருந்தேன். அதனாலேயே எனக்கு வந்த நோயையும் மறைத்தேன். அந்த இருட்டிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதை, அவரை நம்புகிற உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு கொழும்புத்துறையில். என் கணவர் பெயர் அன்ரன். சின்னப் படகில் கடலேரிக்குப் போய் நண்டு வலை போடுவார். நான் வீட்டிலிருந்து பள்ளிச் சீருடைகள் தைப்பேன். இரண்டு பெண் பிள்ளைகள். அவருடைய அம்மாவும் எங்களோடுதான் இருந்தார். என் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் பத்தியக் கறி வைத்துத் தந்து என்னை எழுப்பிவிட்டவர் மாமி. பெற்ற தாய்க்கு மேலாகப் பார்த்தார்.

அது புரட்டாசி மாதம். அன்று காலை அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் இருந்தபடி சொன்னார்: "இண்டைக்கு ஒரே அலுப்பாக் கிடக்கு. நாளைக்குப் போவமோ எண்டு பாக்கிறன்."

நான் தைத்துக்கொண்டே சொன்னேன்: "நேற்றுப் போட்ட வலையெல்லோ. விட்டால் நண்டெல்லாம் செத்துப்போகும். எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். போனார். படகிலேயே மயங்கி விழுந்தார். பக்கத்துப் படகுக்காரர் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு.

அவரைப் பெட்டியில் வைத்திருந்தபோது, ஊர்ச்சனம் எல்லாம் கூடியிருக்க, மாமி என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏலாது எண்டவனை நீதானே போகச் சொன்னனீ! என்ரை பிள்ளையை நீதானே அனுப்பினனீ!"

அவர் சொன்னதை நானும் நம்பினேன். நடந்தது அதுதானே.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு மாமி தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு குருநகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வாசலுக்கே வரவில்லை. பிள்ளைகளைக் கோயிலில் கண்டால் கொஞ்சுவார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளான நத்தாருக்கு ஒரு கிழமை முன்பு, கிணற்றடியில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. நோகவில்லை. ஆனால் என் கை அப்படியே நின்றுவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் மந்திரித்துத் தந்த எண்ணெயைப் பூசினேன். "ஆண்டவர் கரைப்பார்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், அது விசுவாசம் அல்ல. பயம். பயத்துக்கும் கீழே இன்னொன்று இருந்தது: இது எனக்கு வேண்டியதுதான், அவரை அனுப்பினவளுக்கு வந்த தண்டனை என்ற எண்ணம். தண்டிக்கிறவரிடமே போய் எப்படிச் சுகம் கேட்பது? செபமாலை சொன்னேன், வாய் சொன்னது, மனம் வரவில்லை.

தவக்காலம் வந்தபோது கட்டி பெருத்திருந்தது. கக்கத்திலும் ஒன்று தட்டுப்பட்டது. குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் பின்னேரம், மெஷினில் துணியைத் தள்ள முடியாமல் கை கடுத்தது. என்னை அறியாமலே அழுதுவிட்டேன்.

சின்னவள் ஓடிவந்தாள். "ஏனம்மா அழுறீங்கள்?"

"ஊசி குத்திப்போட்டுது பிள்ளை. நீ போய் விளையாடு."

அவள் போனதும் அந்த இடத்திலேயே முழந்தாளிட்டேன். கட்டியைக் கரைத்துவிடும் என்று கேட்கவில்லை. நேர்த்தி எதுவும் வைக்கவில்லை. என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, எனக்குப் பயமாக் கிடக்கு. தனிய ஏலாது. ஆரையாவது அனுப்பும்."

மறுநாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உலை வைத்தேன். படலை திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கையில் குருத்தோலையோடு மாமி நிற்கிறார்.

"உள்ளுக்கு வரலாமோ பிள்ளை?" என்று கேட்டார். அவர் வாழ்ந்த வீட்டுக்குள் வர என்னிடம் கேட்கிறார்!

"என்ன மாமி கேள்வி? வாங்கோ."

அவர் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்: "உயிர்த்த ஞாயிறுப் பாசுகாவுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனனான். முதல் போய் மருமேளிட்டை உண்மையைச் சொல்லுங்கோ எண்டு கோயில் சாமியார் சொல்லிப்போட்டார். அவன் செத்த அண்டைக்கு நீ மயங்கிக் கிடந்தாய். நான்தான் ஆஸ்பத்திரியிலை நிண்டனான். உடம்பைச் சோதிச்ச டாக்குத்தர் என்னட்டைச் சொன்னவர், அவன்ரை இரத்தக் குழாயள் கனகாலமா அடைச்சுக் கிடந்ததாம். வீட்டிலை படுத்திருந்தாலும் வந்திருக்குமாம். எனக்கு அது தெரியும் பிள்ளை. தெரிஞ்சுகொண்டுதான் உன்னைப் பேசினனான். ஆரையாவது குற்றம் சொல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும். என்னை மன்னிச்சுக்கொள்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். ஏழு மாதங்களாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல இருந்தது. மாமியும் பக்கத்தில் இருந்து என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். நோவில் "ஆ" என்று கத்திவிட்டேன்.

"என்னடி? எங்கை நோகுது? காட்டு."

காட்டினேன். மாமியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அழவில்லை. "நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸிலை ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றார். அன்றிலிருந்து அவர் குருநகருக்குத் திரும்பிப் போகவில்லை.

புற்றுநோய் என்றுதான் முடிவு வந்தது. பாசுகா முடிந்து இரண்டாம் கிழமை சத்திரசிகிச்சை செய்து ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்காக மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டியது. வாய் புண்ணாகியது. ஒருநாள் கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "இனி ஏலாது மாமி, என்னை விடுங்கோ" என்றேன்.

மாமி கோப்பையைத் திரும்ப எடுத்தார். "ஒரு பிள்ளையைக் குடுத்திட்டன். உன்னையும் குடுக்க ஏலாது. எழும்பிக் குடி."

குடித்தேன். ஆண்டவருடைய குரலை என் காதால் கேட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று என்னை எழுப்பினது மாமி மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும்.

இப்போது மருந்து நின்றுவிட்டது. கடைசியாகச் சோதித்தபோது, "இப்ப ஒண்டும் இல்லை, வழமை போலை வந்து காட்டுங்கோ" என்று டாக்டர் சொன்னார். இடது கையை முழுவதும் தூக்க முடியாது. அதனால் குறைவாகத்தான் தைக்கிறேன். அன்ரன் இல்லாத வெறுமை போகவில்லை. வலை உலர்த்துகிறவர்களைக் கண்டால் இன்றும் கண் கலங்கும். அதையும் ஆண்டவரிடம் ஒளிப்பதில்லை. மாமியும் நானும் பிள்ளைகளும் பின்னேரத்தில் ஒன்றாக இருந்து செபிக்கிறோம். முன்பு செபம் எனக்குக் கடமை. இப்போது ஆண்டவரோடு கதைக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒரு நோயை, ஒரு குற்ற உணர்வை உள்ளுக்குள் பூட்டி வைத்திருக்கலாம். ஆண்டவரிடம் அழகாகச் செபிக்க வேண்டும் என்றில்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் அனுப்புகிற ஆள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவராகக்கூட இருக்கலாம். வந்தால் உள்ளே கூப்பிடுங்கள். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனால் கூடப் போங்கள்.

நான் கேட்டது ஒரு ஆளைத்தான். என் ஆண்டவர் எனக்கு ஒரு தாயையே தந்தார். அவருக்கு என் உயிர் உள்ளவரை நன்றி.